நார்வேயிலிருந்து ஒரு குரல்

இந்திய நாட்டின் கருத்துச் சுதந்திரம், சென்னீர்குப்பத்து ‘ஸ்ரீ ஆனந்தா என்கிளேவ்’ அடுக்ககத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கும் மதியப் பிரியாணிக்கும் இடையே மறுபிறவி எடுத்தது. பெற்றெடுத்தவர் இரண்டாம் மாடித் திருமுருகன், சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடர். பிரசவம் பார்த்தவர் எதிர்வீட்டு முகமது ஆசிக். இருவரில் யாரை நினைவில் வைத்துக்கொள்வது என்பதில்தான் வரலாறு கொஞ்சம் குழம்பிவிட்டது.

அதற்கு முன்பு அங்கே இருண்ட காலம். கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டு கிளம்பும் டேங்கர் லாரி, பட்டப்பகலில் பின்பக்கக் காலி மனையிலேயே அத்தனையையும் திறந்துவிட்டுப் போய்விடும். போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வந்தது. சங்கத்தின் வாட்ஸப் குழுவில் யாராவது இதைப் பற்றி வாய் திறந்தால், செயலாளர் தட்சிணாமூர்த்தி அதை அழித்துவிட்டு, ரோஜாப்பூவோடு ‘இனிய காலை வணக்கம்’ போடுவார். ஆசிக் மட்டும் ஒருமுறை தன் பெயரிலேயே ‘சார், லாரி எங்க போவுது?’ என்று கேட்டார். லாரி எங்கே போனதோ தெரியாது, ஆசிக் குழுவை விட்டு வெளியே போனார். வாடகைக்கு இருப்பவர்தானே என்று ஒருவரும் மூச்சு விடவில்லை.

திருமுருகன் கரூரிலிருந்து வந்து, கடன் வாங்கி ஃப்ளாட் வாங்கியவர். நெஞ்சில் நெருப்பு உண்டு. ஆனால் தூணோரம் நிழலான கார் நிறுத்துமிடம் செயலாளரின் தயவால் கிடைத்தது. நெருப்பு வெளியே தெரிந்தால் கார் வெயிலுக்கு வந்துவிடும். ஆகவே ஆசிக்கைக் கூப்பிட்டார்.

“அடையாளம் தெரியாம எழுதணும், ஆசிக். அரசாங்கமே வந்தாலும் கண்டுபிடிக்கக் கூடாது.”

“அர்சாங்கம் இன்னாத்துக்குண்ணே இங்க வருது? தட்சிணாமூர்த்தி சாருக்குத்தானே பயப்படறே?”

“பயம் இல்லப்பா. தனியுரிமை.”

“செர்தான்.” ஆசிக் போனை வாங்கி ஒரு வி.பி.என். செயலியை ஏற்றினார். “எங்க ஆபீஸ்ல இதான் போட்டுக்கீறோம். இந்தப் பச்ச பட்டன அமுக்கு. நீ இங்க கீறது ஒருத்தனுக்கும் தெரியாது. நார்வேல கீறேன்னு காட்டும்.”

திருமுருகன் அமுக்கினார். உடல் சோபாவில் இருக்க, ஆன்மா நார்வே சென்றது.

‘உண்மையின் ஊற்று’ என்ற ஃபேஸ்புக் பக்கம் அன்றே உதயமாயிற்று. சமையலறை ஜன்னலிலிருந்து எடுத்த லாரிப் படத்துடன், ‘லாரி எங்கே போகிறது? மக்களே, விழித்தெழுங்கள்!’ என்று முழங்கியது. விழித்தெழுந்த மக்கள் தத்தம் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு விருப்பக்குறி இட்டார்கள். அவர்களிலும் பாதிப் பேருக்குப் பெயர் ‘நடுநிலைவாதி’, ‘சிங்கக்குட்டி’.

புரட்சிக்குத் தியாகங்கள் தேவைப்பட்டன. ‘அயல்நாட்டிலிருந்து யாரோ நுழைகிறார்கள்’ என்று வங்கி கணக்கைப் பூட்டியது. பங்குனி வெயிலில், பனி பெய்யும், கம்பளி அணிக என்று வானிலைச் செயலி எச்சரித்தது. பிரியாணிக் கடையோ தங்கள் சேவை அவ்வளவு தூரம் இல்லை என்று வருந்தியது. மனைவி ரோஷினிக்கு எல்லாம் தெரியும். மனைவியிடமிருந்து மறைக்கும் செயலியை இன்னும் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

“நார்வேல இருக்கறவரு அங்கேயே சாப்பிட்டுக்கோங்க. நான் அம்மா வீட்டுக்குப் போறேன்,” என்றாள்.

லிஃப்டில் போகும்போது, “யாரோ தைரியமான ஆளு சார்,” என்று கிசுகிசுப்பார்கள். “ஆமா, யாரோ,” என்று அவரும் அடக்கத்தோடு சொல்வார். அந்த ‘யாரோ’வுக்குள் திருமுருகன் மகாராஜா போல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவசரப் பொதுக்குழு கூடியது. கார்களை வெளியே தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள்.

“நம்மிடையே ஒரு விஷமி ஒளிந்திருக்கிறார்,” என்று தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமினார். “அவர் யார் என்பதை நிர்வாகக் குழு தீர ஆராய்ந்துவிட்டது. ஆசிக், லாரி எங்க போவுதுன்னு முன்னாடி கேட்டது நீங்கதானே?”

“நாந்தான் சார்.”

“அதே கேள்விதான் அந்தப் பக்கத்துலயும் இருக்கு. உங்க ஓனர்கிட்டப் பேசிட்டேன். மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிடுங்க.”

ஆசிக்கின் மனைவி நிஷா எழுந்தாள். “சார், எம் பொண்ணுக்கு அட்த்த மாசம் பரீட்ச சார்.”

“பேர் போட்டுத்தான சார் கேட்டேன்?” என்றார் ஆசிக். “இப்ப மட்டும் இன்னாத்துக்கு ஒளியணும்?”

“அப்போ எழுதினது யாரு? தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். நான் சொல்ல மாட்டேன். அத்த அவுருதான் சொல்லணும்.”

சொல்லிவிட்டு ஆசிக் யாரையும் பார்க்கவில்லை. எதிரே பார்த்தபடி நின்றார்.

திருமுருகனின் நெஞ்சு துடித்தது. இந்த அநியாயத்தைச் சும்மா விடுவதா? ஆனால் வீரன் தன் ஆயுதத்தைக் கொண்டுதான் போரிட வேண்டும். மடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் போனை வைத்து, பச்சைப் பொத்தானைச் சரிபார்த்துவிட்டு, விறுவிறுவென்று தட்டினார்.

அதே நேரத்தில் ஆசிக், “வோணும்னா எம் போன பாருங்க சார்,” என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் திறந்தார்.

நாற்காலிக்கு நாற்காலி ‘டிங்’ என்றது. ‘உண்மையின் ஊற்று’ பொங்கியிருந்தது: ‘அப்பாவியை வெளியேற்றாதே! கூட்டத்தில் இருக்கும் கோழைகளே, வாய் திறவுங்கள்!’

“பார்த்தீங்களா, பார்த்தீங்களா!” தட்சிணாமூர்த்தி துள்ளினார். “போன கையில எடுத்தாரு, போஸ்ட் வந்துடுச்சு! குடுங்க இங்க.” வாங்கிப் புரட்டினார். “இதோ! ஆளை மறைக்கிற ஆப்பு!”

“அது ஆபீஸ் வேலைக்கு சார்.”

“எல்லா விஷமியும் அப்படித்தான் சொல்வான். காலி பண்ணச் சொல்றதை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!”

கைகள் எழுந்தன. சிங்கக்குட்டிகளும் தூக்கினார்கள். தூக்காத ஒரே கை தனியாகத் தெரியுமே என்று திருமுருகனுக்கு வியர்த்தது. நார்வேக்குப் போன ஆன்மா என்றால் எதிர்த்து வாக்களித்திருக்கும். ஆனால் கை சென்னீர்குப்பத்தில் இருந்தது. அதுவும் எழுந்தது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. லாரி அன்றும் வழக்கமான இடத்துக்கே போயிற்று.

மாதக் கடைசியில் சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்தது. திருமுருகன் மனிதாபிமானத்தோடு வாஷிங் மெஷினை ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் ஆசிக். நிஷா திருமுருகனைத் தாண்டி, பெண்ணின் புத்தகப் பையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

“ஐயப்பன்தாங்கல்ல ஊடு கெடச்சிக்கீது,” என்றார் ஆசிக். “அண்ணே, அந்த ஆப்புல ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்.”

“என்னப்பா?”

“அந்தப் பச்ச பட்டன இன்னொரு தபா அமுக்கினா ஆஃப் ஆயிடும். நீ கீற எடத்துக்கே திரும்பி வந்துர்லாம்.”

“தெரியும்,” என்றார் திருமுருகன்.

“தெரியும்தான்,” என்று ஆசிக் வண்டியில் ஏறினார்.

வண்டி திரும்பிய தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றவரின் கையில் போன் அதிர்ந்தது. ‘எங்கள் சேவை உங்களைப் பாதுகாத்ததா?’ என்று செயலி கேட்டது. நன்றி மறப்பது நன்றன்று. திருமுருகன் ஐந்து நட்சத்திரங்களையும் அழுத்தி, கீழே எழுதினார்:

‘முழுப் பாதுகாப்பு. மனைவியைத் தவிர, நான் யார் என்று தெரிந்தவர் இந்த அடுக்ககத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரையும் கை தூக்கி அனுப்பியாயிற்று.’