ரவுண்டு அண்ணன் ஏறாத மலை

திருவண்ணாமலையில் ஒரு மலையும் ஏறாத ஒரே மலைவழிகாட்டி எங்கள் ரவுண்டு அண்ணன்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அடி அண்ணாமலைக்காரர். சொந்த வேன் வைத்திருக்கிறார். "ஃபேமிலியோட மலைக்குப் போவணுமா, நம்மளக் கூப்புடுங்க" என்பார். கூப்பிட்டால் மலைவரைக்கும் கூட்டிப்போவார். மேலே மட்டும் கூட்டிப்போக மாட்டார்.

நடக்கப் பழகிய நாளிலிருந்து பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போன கால்கள் அவை. மலை என்றால் வலப்பக்கம் வைத்துச் சுற்றிவர வேண்டியது, அவ்வளவுதான். ஒருமுறை எங்கள் தெருவில் வீடு கட்ட யாரோ ஜல்லி கொட்டியிருந்தார்கள். தெருவில் மிச்சமெல்லாம் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அந்தப் பக்கம் போனால் குவியல் இடப்பக்கம் வந்துவிடும். அண்ணன் ஜல்லிக்கும் சாக்கடைக்கும் நடுவே வேனை நுழைத்து, பின்சக்கரத்தைச் சாக்கடையில் இறக்கினார். தள்ளியவர்களில் நானும் உண்டு.

"ஏண்ணா, அது ஜல்லிண்ணா!" என்றேன்.

"இருக்கட்டும் சார். எந்த மலையும் ஒடச்சா ஜல்லிதான்."

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு புதுமாப்பிள்ளை, மனைவியோடு மலையுச்சியில் படம் எடுக்க வேண்டுமென்று இவரை நம்பி வந்தார். ஒரு குன்றை முழுசாகச் சுற்றவைத்து, கிளம்பிய புளியமரத்தடியிலேயே கொண்டுவந்து நிறுத்தி, "ஆச்சுங்க" என்றாராம். மாப்பிள்ளை இன்னும் அண்ணனைத் தேடுவதாகக் கேள்வி.

இவ்வளவும் தெரிந்தும், போன வருஷம் ஜவ்வாது மலைக்குப் போக அவரையே கூப்பிட்டேன். வேறு வேன் கிடைக்கவில்லை. என் மகளுக்கு உச்சி பார்க்க வேண்டும். மனைவிக்கு முட்டி தேய்ந்து, ஏறவே கூடாதென்று டாக்டர் சொல்லி அப்போது மூன்று வருஷமாகியிருந்தது. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் பைகளைக் காவல் காத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பது அவள் பங்கு. "நீங்க போய்ட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அது என்ன சிரிப்பென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏறிவிடுவேன், நான் அப்படிப்பட்ட ஆள்.

அன்றும் அங்கே ஒரு குன்றடியில் வேன் நின்றதும் பையை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணன் கதவைத் திறந்தார்.

"எறங்கும்மா."

"முட்டி ஆகாதுண்ணா, ஏற முடியாது."

"ஏறவா சொன்னேன்? நடக்கத்தான சொல்றேன். மலைய வலது கைப்பக்கம் வெச்சிக்கினு வா, வழி தப்பாது."

சாமை வயல்களை ஒட்டிய சமமான வண்டிப்பாதை. எங்கிருந்தோ பலாப்பழ வாசனை. சரிவில் மேகம் இறங்கி எங்கள் கூடவே வந்தது. அண்ணன் கடைசி ஆளாக நடந்தார். என் மனைவி நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்று, இல்லாத பறவையைக் காட்டி, "அதோ பாரும்மா" என்றார். அவளும் சளைக்காமல் பார்த்தாள். இரண்டு மணி நேரம் கழித்து எதிரே ஒரு வேன் தெரிந்தது. எங்கள் வேன்தான்.

"அவ்ளோதானா? உச்சி எங்கப்பா?" என்று மகள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்ணா, உங்களுக்கு மலை ஏறவே தெரியாதா?"

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியாம இன்னா சார்? ஏறுனா ஒருத்தரு கீழயே குந்திக்கணும். சுத்துனா எல்லாரும் வர்லாம்."

சொல்லிவிட்டு டயரில் காற்று கம்மியா என்று பார்க்கப் போய்விட்டார். மனைவி செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் அவள் செருப்பில் மலைமண் ஒட்டியது அன்றுதான்.

கிளம்பும்போது என் போனை வாங்கி எங்களைப் படம் எடுத்தது அண்ணன். மலை பாதிதான் விழுந்திருக்கிறது, அவருடைய கட்டைவிரல் முழுசாக விழுந்திருக்கிறது. பெரிதாகப் போட்டு மாட்டலாமென்று கொண்டுபோனபோது, விரலை எடுத்துவிடட்டுமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார்.

"வேணாங்க," என்றாள் என் மனைவி. "அது எங்க அண்ணன்."