ஏழாவது வரி

தவறே செய்யாத அலுவலகம் இந்தப் பூமியில் ஒன்று உண்டென்றால், அது 1956-ல் செங்கல்பட்டில் நடந்த 'ஏட்டுப்பட ஒப்புநோக்கு அலுவலகம்'தான். பழைய ஓலைகளைப் போட்டோ பிடிப்பார்கள். பண்டிதர் அதைப் பார்த்துக் காகிதத்தில் படி எழுதுவார். படமும் படியும் ஒத்திருப்பதாகக் குமாஸ்தா ஞானதாஸ் சான்று எழுத, தலைவர் கோதண்டராமன் கையெழுத்திடுவார். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவது கீழே உள்ளவர்களைச் சந்தேகிப்பதாகும். அந்த ஈனச்செயலை அவர் ஒருநாளும் செய்ததில்லை.

ஒருநாள் ஞானதாஸின் ஊரான மாமல்லபுரத்துக் குளத்து ஏடு வந்தது. அந்தக் குளத்தில் தண்ணீர் மொள்ள அவன் தெருவுக்கு அனுமதியில்லை. அவன் அம்மா செல்லம்மா ஒரு மைல் நடந்து உப்புத்தண்ணீர் சுமந்தாள். தெருவார் கொடுத்த மனு வெள்ளிக்கிழமை தாசில்தாரிடம் விசாரணைக்கு வருகிறது; இந்த ஏட்டின் படிதான் அதற்குச் சாட்சி. படத்தில் ஏழாவது வரி, 'சேரியாரும் இக்குளத்து நீர் கொள்வர்' என்றது. படியிலோ ஆறே வரி. பண்டிதருக்கு அந்த இடத்தில் கைவலி வந்துவிட்டதாம், பாவம். கோதண்டராமனின் மாமனார் வீடு அதே குளக்கரையில் இருந்தது தற்செயல்.

"சார், படத்துல ஏழு வரி கீது. படியில ஆறுதான் கீது."

கோதண்டராமன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்போ படம் தப்பு."

"படம் எப்படி சார் தப்பாவும்?"

"பண்டிதர் சர்க்கார் உத்தியோகஸ்தர். ஓலை எழுதினவன் எந்தப் பரீட்சை பாஸ் பண்ணினான்?"

சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துப் படத்தின் அடிப்பகுதியை நறுக்கினார். ஆறுக்கு ஆறு ஒத்துப்போனது. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் சான்றை ஒழுங்காக எழுதச் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போனார். ஞானதாஸ் குப்பைக்கூடையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துவைத்துக்கொண்டு, ஒழுங்காகவே எழுதினான். கோதண்டராமன் தம் கொள்கைப்படி கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை தாசில்தார் சான்றை உரக்க வாசித்தார்: "பண்டிதர் ஒரு வரியை விட்டதாலும், தலைவர் அதே வரியை வெட்டியதாலும், படமும் படியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றன. இணைப்பு: வெட்டிய வரி ஒன்று." துண்டு குண்டூசியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இது யார் கையெழுத்து என்று தாசில்தார், விசாரணைக்கு வந்திருந்த கோதண்டராமனைக் கேட்டார். நானூறு வருஷத்துக் கையெழுத்துகளுக்கெல்லாம் அத்தாட்சி கொடுத்த அந்த மகான், தம் கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரியாக அடையாளம் தெரியவில்லை என்றார்.

அன்று சாயங்காலம் செல்லம்மா குளத்தில் இறங்கிக் குடம் நிறைத்தாள்.

மறுநாள் அலுவலகம், தன் மாசற்ற வரலாற்றில் நேர்ந்த முதல் தவறைத் தயங்காமல் திருத்திக்கொண்டது. ஞானதாஸை வேலையிலிருந்து நீக்கியது. உத்தரவில் கண்ட குற்றம் ஒன்றே ஒன்று: 'படித்துப் பார்த்தான்.'