சகலையின் தார்ப்பாய்

சகலையின் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்து, ஓரத்தைத் தூக்கி, உள்ளே செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்த ஜெயவேல் தலையில் அடித்துக்கொண்டான்.

ஒரு பொட்டுத் துரு இல்லை. மனோகரனின் லேத்து, கல்யாணத்துக்குத் துலக்கி வைத்த எவர்சில்வர் குடம் மாதிரி பளபளத்தது.

பக்கத்திலேயே நின்ற தன் லேத்தின் தார்ப்பாய்க்குள் விரலை நுழைத்துத் தடவினான். விரல் காப்பி நிறத்தில் வெளியே வந்தது.

"அவுத்து வுட்ட மெசினு மினுக்குது. மூடி வெச்ச மெசினு துரு புடிக்குது. கடவுளே, உனுக்கும் மனோகரன்தான் செல்லமா?"

ஜெயவேலின் மனைவி செங்கொடியின் அக்கா புருஷன்தான் மனோகரன். காலடிப்பேட்டையில் இருவரும் ஒரே ஷெட்டில் ஆளுக்கொரு லேத்து ஓட்டி இரும்பு கடைந்தார்கள். கூரையைப் பிரித்துப் புதுத் தகடு போடும் வேலை நடந்ததால், இரண்டு லேத்தும் பின்பக்கத் திடலில் வெட்டவெளியில் நின்றன. அதுவும் ஐப்பசி மழையில். வெள்ளிக்கிழமை துறைமுகக் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பிராங்கிளின் வருகிறார். எந்த லேத்து நல்ல நிலையில் இருக்கிறதோ, அதற்குத்தான் வருஷம் முழுக்க வேலை.

வேலையைக்கூட விட்டுவிடலாம். "மனோகரன் மாதிரி வருமா?" என்று மாமியார் பட்டம்மாள் சொல்வதை இன்னொரு வருஷம் கேட்க ஜெயவேலுக்குத் தெம்பில்லை. அதனால்தான் தினமும் சாயங்காலம் சகலையின் கயிற்றைத் தளர்த்தி, கடல் பக்க ஓரத்தைத் தூக்கி விட்டுக்கொண்டிருந்தான். எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினான். காற்றும் கட்சி மாறிவிட்டது.

திடலுக்கு எதிரிலேயே பட்டம்மாளின் இட்லிக்கடை.

"இன்னா மருமவனே, மூஞ்சி ஏன் இப்டி கீது? வா, சூடா துன்னு."

அவள் இட்லிக் குண்டானின் மூடியைத் திறந்ததும் அதிலிருந்து வெந்நீர் ஜெயவேலின் கையில் சொட்டியது.

"இன்னா அத்தை, உன் மூடி எப்பப் பாத்தாலும் அழுதுகினே கீது!"

"இறுக்கி மூடுனா வேர்க்காம இன்னா பண்ணும்?"

ஜெயவேலின் காதில் அது விழவில்லை. அப்போதுதான் வந்து உட்கார்ந்த மனோகரனின் தட்டில் விழுந்த கூடுதல் வடையைத்தான் அவன் கண் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றே பிளாஸ்டிக் ஷீட் வாங்கி வந்தான். லேத்தைக் கைக்குழந்தையைப் போலச் சுற்றினான். இடுக்குகளில் டேப் ஒட்டினான். அதன்மேல் பழைய தார்ப்பாய், அதன்மேல் கயிறு.

"இன்னா மாமா, பார்சலா அனுப்பப் போறே?" என்றாள் செங்கொடி.

"உங்க அக்கா புருஷன் இப்டி கட்டுவாரா?"

"அவரு மெசினு நல்லா கீதே. அவரையே கேட்டா இன்னா?"

"அதுக்கு நான் மெசினைக் கடல்ல தள்ளிடுவேன்!"

மறுநாள் பிரித்தால், பிளாஸ்டிக்கின் உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அதை உறிஞ்சட்டும் என்று கோணிகளைத் திணித்தான். கோணிகள் முந்தின நாள் மழையில் நனைந்தவை. அவை காயட்டும் என்று உள்ளே பெரிய குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டான். கொஞ்ச நேரத்தில் தார்ப்பாயின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது.

"இன்னாடா ஜெயவேலு, எனக்குப் போட்டியா கடை போட்டுட்டியா?" என்று எதிரிலிருந்து கூவினாள் பட்டம்மாள்.

தெருவே சிரித்தது. மனோகரனும் சிரித்தான். ஜெயவேல் பல்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி மூடிக் கட்டினான். ஒரே ஒரு ஆறுதல், அவன் கட்டு. தினமும் காலையில் வந்து பார்த்தால், போட்டதைவிட இறுக்கமாக இருக்கும்.

'கட்டுன்னா இது கட்டு. சகலையோடதை ஒரு இழு இழுத்தா அவுந்துக்கும்' என்று மீசையைத் தடவிக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை பிராங்கிளின் வந்தார். ஜெயவேலின் லேத்தைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். கருவாட்டுக் குழம்பு நிறத்தில் இருந்தது அது. அடுத்ததைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ராத்திரியில காத்தோட்டமா திறந்து வெச்சீங்களா, மனோகரன்? அதான் ஈரம் தங்கல. புழுக்கம்தான் இரும்புக்கு எமன்."

"நான் எங்க சார் திறந்தேன்? காலையில இறுக்கிக் கட்டிட்டுப் போவேன். மறுநாள் வந்தா காத்துல அவுந்து கெடக்கும்."

"காத்தாவது மண்ணாவது!" இட்லிக் கரண்டியோடு வந்து நின்றாள் பட்டம்மாள். "தினம் சாயங்காலம் அவுத்து வுட்டது ஜெயவேலு. நான் கடையிலேர்ந்து பாத்துகினுதானே இருந்தேன்?"

ஜெயவேல் ஓரடி பின்வாங்கினான். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று தரையைப் பார்த்தான்.

"தன்னுது துரு புடிச்சாலும் சகலையோடது நல்லா இருக்கட்டும்னு நெனைச்ச மனசு சார் அது! ஜெயவேலு மாதிரி வருமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் ஏங்கிய வார்த்தை. காதில் தேனாக விழுந்து, வயிற்றில் முள்ளாக இறங்கியது.

மனோகரனின் கண் கலங்கிவிட்டது. "சகலை!" என்று கட்டிக்கொண்டான். "சார், பாதி வேலை இவனுக்குக் குடுங்க. இது மேல்துருதான். ரெண்டு பேருமா ஒக்காந்து தேய்ச்சு எடுத்துடறோம்."

பிராங்கிளின் தலையாட்டினார். ஜெயவேல் பேச வாயெடுத்தான்.

அதற்குள் பட்டம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மனோகரன் மட்டும் லேசுப்பட்டவனா மருமவனே? 'பாவம் சகலை, அவனுக்குக் கட்டத் தெரியலை'ன்னு தினம் காலைல உன் கயித்தை அவுத்து, பொட்டுக் காத்து உள்ள நொழையாம இறுக்கிக் கட்டிட்டுத்தான் அவன் டீயே குடிப்பான்!"