பெர்மிட் அண்ணனும் பிளாஸ்டிக் மெத்தையும்

சிங்கப்பூர் பத்திரமான ஊர் என்று உலகமே சொல்கிறது. அதற்கு அரசாங்கமும் சட்டதிட்டங்களும்தான் காரணம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், எங்கள் பெர்மிட் அண்ணனை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அவர் குடியிருந்தவரை ஒருவருக்கும் ஒரு சுளுக்குகூடப் பிடித்ததில்லை. பிடிக்க அவர் விட்டதில்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. கப்பல் கட்டும் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வை அவர் வேலை. அங்கே ஒரு ஆணியைப் பிடுங்குவதென்றாலும் முதலில் பெர்மிட் வேண்டும். இவர் வந்து சுற்றிப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வேலை தொடங்கும். அந்தப் பழக்கத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைய அவருக்குத் தெரியவில்லை. எங்கள் எதிர்வீட்டில், தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேருடன் வாடகைக்கு இருந்தார். அந்த இருவரும் முட்டை பொரிப்பதற்குக்கூட அவரிடம் பெர்மிட் வாங்குவதாகப் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கார்த்தி டியூப்லைட் மாற்ற நாற்காலி மேல் ஏறினார். ஜன்னல் வழியாக ஒரு சத்தம்.

"கார்த்தி! அப்படியே நில்லு! நாற்காலியப் பிடிக்க ஆள் எங்க?"

"அண்ணே, ஒரு லைட்தாண்ணே."

"உயரத்துல வேலைன்னா உயரத்துல வேலைதான். எறங்கு கீழ!"

ஏணி வந்தது. ஹெல்மெட் வந்தது. மெயின் சுவிட்சை அணைத்து, அதன் பக்கத்தில் என்னைக் காவலுக்கு நிறுத்தினார். அரிசி குக்கரில் பாதி வெந்த நிலையில் கிடந்தது. அன்று மதியம் நாங்கள் ரொட்டி சாப்பிட்டோம்.

தீபாவளிக்கு எங்கள் புளோக்குக்குக் கீழே பிள்ளைகள் கம்பி மத்தாப்புடன் கூடினார்கள். அண்ணன் இரண்டு வாளித் தண்ணீரோடு வந்து, எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, நெருப்பின் குணங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தேக்கா சந்தையில் கதை வேறு. தே தாரிக் போடுகிறவர் தேநீரைத் தலைக்கு மேலிருந்து இழுத்து ஆற்றுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கண்ணுக்குக் கண்ணாடி போடாம இதச் செய்யக் கூடாது" என்று எடுத்துச் சொன்னார். "உனக்கு டீ வேணுமா, வேணாமா லா?" என்று கேட்டார் அவர். வேண்டும் என்று சொல்லி வாங்கிக் குடித்த அண்ணன், கிளம்பும்போது மறுபடியும் அதையே சொல்லிவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட மனிதரும் என் மாமனாரும் ஒரே கூரையின் கீழ் சந்தித்தால் என்ன ஆகும்? அது எனக்குக் குழந்தை பிறந்தபோது தெரிந்தது.

என் மாமனார் புதுப் பொருளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத கட்சி. அதில் தலைவரும் அவர்தான். தஞ்சாவூர் வீட்டில் டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக், பிரிட்ஜ் கைப்பிடிக்குப் பிளாஸ்டிக், கார் சீட்டுக்கு வாங்கிய அன்று இருந்த அதே பிளாஸ்டிக். சித்திரை வெயிலில் அந்தக் காரில் உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகோடு வராது. ஆனால் சீட் மட்டும் இன்றும் பளபளவென்று இருக்கிறது. மாமி போன பிறகு தனியாக இருந்தவர், பேத்தியைப் பார்க்க முதன்முதலாக விமானம் ஏறி வந்தார். குழந்தைக்குப் பெயர் சூட்ட எங்களுக்கென்று இருந்த ஒரே பெரியவரும் அவர்தான்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே தொட்டில் கட்டிலுக்கு மெத்தை வாங்கிவிட்டார். தேக்கா பக்கம் ஒரு கடையில் பேரம் பேசி, ரயிலில் அதைத் தன் பக்கத்தில் நிற்கவைத்து, இடிபட்டவர்களிடமெல்லாம் "பேத்திக்கு, பேத்திக்கு" என்று தமிழிலேயே விளக்கம் சொல்லிக்கொண்டு புக்கிட் பாஞ்சாங் வரை கொண்டுவந்தாராம். நான் குழந்தையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் பெருமையாகக் காட்டினார். மெத்தை மேல் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அது வழுக்குகிறது என்று அதன் மேல் நாலாக மடித்த போர்வை, போர்வை நகராமலிருக்க இரண்டு பக்கமும் தலையணை, தலையணைக்குத் துணையாக என் அலுவலகத் தோழிகள் அனுப்பிய கரடி பொம்மை.

"ஒன்னுக்குப் போனா தொடச்சா போச்சு. பத்து வருஷம் ஆனாலும் மெத்தை புதுசாவே இருக்கும்மா" என்றார் மாமா.

அன்றே குழந்தையைப் பார்க்க வந்த பெர்மிட் அண்ணன், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வந்தார். குழந்தையைப் பார்க்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போய் ஒரு விரலால் மெத்தையை அழுத்தினார். மொறமொறவென்று சத்தம் கேட்டது. அவர் முகம் மாறியது.

"ஸ்டாப் வொர்க்!"

சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டை ஒன்றை எடுத்துக் கட்டில் கம்பியில் மாட்டினார். கப்பல் தளத்தில் அதை மாட்டிவிட்டால் அந்தச் சாமானை யாரும் தொடக் கூடாது. கரடியின் கழுத்திலும் ஒன்றைத் தொங்கவிட்டார்.

"யாரும்மா இந்த ஆளு? எம் பேத்தி படுக்குறதுக்கு இவன் என்ன பர்மிஷன் குடுக்குறது?" மாமாவின் குரல் லிஃப்ட் வரை கேட்டிருக்கும்.

"ஐயா, பிளாஸ்டிக்க எடுக்காம பாப்பாவப் படுக்கவைக்கக் கூடாது."

"எடுத்தா நான் ஊருக்குப் போறேன். கார்த்தி, டிக்கெட் போடுடா!"

கார்த்தி என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். அண்ணன் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மாமா பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். மனைவியை இழந்த மனிதரை, ஒரு பிளாஸ்டிக் உறைக்காகப் பேத்திக்குப் பெயர் வைக்காமல் விமானம் ஏற்றுவதா? அன்று முழுவதும், மறுநாள் மதியம் வரைக்கும், குழந்தை என் மடியிலும் கார்த்தியின் கையிலுமாக மாறி மாறித் தூங்கியது. கட்டில் சிவப்பு அட்டையோடு சும்மா நின்றது. கண் எரிந்து, இடுப்பு விட்டுப்போய், யார் ஜெயித்தாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு நான் வந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் அண்ணன். தலையில் ஹெல்மெட், உடம்பில் பளிச்சென்ற பச்சைச் சட்டை, கையில் ஒரு பை. எங்கள் பேட்டை கிளினிக் நர்ஸிடம் விசாரித்து, அவரை நச்சரித்து, சந்தேகமெல்லாம் தீர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஐயா, டூல்பாக்ஸ் மீட்டிங். அஞ்சு நிமிஷம் நில்லுங்க. எங்க யார்டுல வேலைக்கு முன்னாடி இப்படித்தான் ஆபத்தப் பத்திப் பேசுவோம்."

மாமா பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"ஐயா சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட். மெத்தை நனையக் கூடாது. ஈரம் உள்ள போனா பூஞ்சை பிடிக்கும். பாப்பாவுக்கு ஆகாது."

மாமா பெட்டியைக் கீழே வைத்தார்.

அண்ணன் பையிலிருந்து அதே மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்தார். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் போட்டார். கையைக் கவிழ்த்தார். பிளாஸ்டிக் விழவில்லை. உதறினார். அப்போதும் விழவில்லை.

"பாப்பா வாயில எப்பவும் எச்சில், ஐயா. இது மூக்குல ஒட்டுனா அது எடுத்துப் போடுமா? தனக்குக் கை இருக்குன்னே அதுக்கு இன்னும் தெரியாது."

மாமா கையை நீட்டினார். அந்தத் துண்டை வாங்கினார். தன் கையை நனைத்து, தானே போட்டுப் பார்த்தார். உதறினார். இன்னொரு முறை உதறினார். பிறகு சமையலறைக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து, மெத்தையின் உறையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தானே வெட்டினார். வாழ்நாளில் ஒரு புதுப் பொருளின் பிளாஸ்டிக்கை அவர் கிழித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி, நனையாம இருக்க என்னதான் பண்றது?" என்றார் வெட்டிய உறையைச் சுருட்டிக்கொண்டே.

அண்ணன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். மேலே பருத்தித் துணி, அடியில் தண்ணீர் இறங்காத மெல்லிய பூச்சு, சுற்றிலும் எலாஸ்டிக். மெத்தையின் நாலு மூலையும் உள்ளே போய் அடியில் கவ்விக்கொண்டது. அதன் மேல் அதேபோல் இறுக்கிப் பிடிக்கும் விரிப்பு ஒன்று. பிறகு ஒவ்வொரு மூலையையும் நங்கூரம் இழுப்பவர் கணக்காக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் கழன்று வரவில்லை. பாப்பா சிக்கிக்கொள்ள இடைவெளி இருக்கிறதா என்று மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலை விட முயன்றார். நுழையவில்லை.

"அளவெடுத்துத்தான் வாங்குனேன்" என்றார் மாமா.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மெத்தை ஐயா. நல்லா கெட்டியா இருக்கு. புஸ்ஸுன்னு அமுங்குனாத்தான் ஆபத்து."

மாமா முகத்தில் மறுபடியும் வெளிச்சம் வந்தது. போர்வையையும் தலையணைகளையும் அவரே எடுத்து அலமாரியில் வைத்தார். கரடியை மட்டும் காதைப் பிடித்துத் தூக்கிப் போனார். அண்ணன் தன் ஹெல்மெட்டைக் கழற்றி மாமா தலையில் வைத்து, "இனிமே இங்க நீங்கதான் சூப்பர்வைசர். கட்டில்ல பாப்பா மட்டும். தலையணை, பொம்மைகூட மூக்க அடைச்சிடும். வேற எதுவும் வரக் கூடாது" என்றார். என் மாமனார் விறைப்பாக நின்று தலையாட்டினார்.

சிவப்பு அட்டை இறங்கியது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தேன். அந்தப் பரந்த வெள்ளை விரிப்பில் அவள் ஒருத்திதான். ஒரு முறை வாயைக் குவித்தாள், தூங்கிவிட்டாள்.

"ரொம்ப நன்றிண்ணே. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன்.

"ஃபயர் வாட்ச், தங்கச்சி" என்றார் மெல்ல. கப்பலில் வெல்டிங் முடிந்த பிறகும் எங்காவது ஒரு பொறி கனன்றுகொண்டிருக்கலாம். அதனால் ஒருவர் அரை மணி நேரம் அங்கேயே நின்று, வேறெங்கும் பார்க்காமல் கவனிக்க வேண்டுமாம். அதைச் சொல்லிவிட்டுக் கட்டிலருகே கை கட்டி நின்றார். மாமா இரண்டு நாற்காலிகளை இழுத்துவந்து போட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் போய்ப் படுத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

விழித்தபோது வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. குழந்தையின் வயிறு ஏறி ஏறி இறங்குவதை, மாமா ஹெல்மெட்டோடும் அண்ணன் ஹெல்மெட் இல்லாமலும், இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது என்று அண்ணனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.