பிடித்து, விடப்படும்

ஒரு காட்டில் மலைப்பாம்பு ஒன்றுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. பெயர் சுருளாண்டி. எந்நேரமும் பாறைமேல் யோசித்தபடி கிடப்பதால் சின்ன விலங்குகள்கூட மரியாதையாக 'அவர்' என்றுதான் சொல்லும். நாமும் அப்படியே சொல்வோம்.

சுருளாண்டிக்கு வேட்டை அலுத்துவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு கிளையில் தொங்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பாம்புக்கு இடுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேல் உடம்பு முழுக்க இடுப்புதான்.

கொஞ்ச காலம் சிங்கம் நடத்திய சொகுசு விடுதியில் உடம்பு பிடித்துவிடும் வேலை பார்த்தார். புலி, சிறுத்தை, கரடி என்று பெரிய இடத்து ஆட்கள்தான் அங்கே வருவார்கள். நாள் முழுக்க அமுக்கிக் கொடுப்பது இவர். பெயரோ சிங்கத்துக்கு. "சிங்கத்துக்கு என்ன கைராசி" என்று சொல்லிக்கொண்டே புலி வெளியே போகும். தனக்குக் கையே இல்லாததால் சுருளாண்டியால் அதை மறுக்கவும் முடியவில்லை.

கடைசியில் விடுதியை விட்டு வெளியே வந்தார். இனிமேல் சொந்தத் தொழில்தான். கூலிக்கு முட்டை கொண்டுவந்தால் போதும். (காட்டுக்கோழி மட்டும் இந்தத் திட்டத்தை ஆதரிக்கவில்லை.) தொழில் ஊன்றிக்கொண்டால் சாகும்வரை கவலையில்லை, இல்லையென்றால் மறுபடி கிளையில் தொங்க வேண்டியதுதான்.

காலமும் தோதாகத்தான் இருந்தது. மலையில் செல்போன் டவர் வந்ததிலிருந்து காட்டில் எல்லோருக்கும் கழுத்து வலி. புல் மேயக் குனிந்தபோது வராத வலி, போன் பார்க்கக் குனிந்ததும் வந்துவிட்டது.

மரங்கொத்தியிடம் சொல்லி ஒரு போர்டு வைத்தார். 'இங்கே உடம்பு பிடித்துவிடப்படும்' என்பதுதான் வாசகம். மரங்கொத்தி கொத்திய பலகையில் நடுவே ஒரு முடிச்சு இருந்தது. அதைத் தாண்டி மீதியைக் கொத்தியதால், 'பிடித்து' ஒரு பக்கமும் 'விடப்படும்' இன்னொரு பக்கமுமாக விழுந்தன.

"இடையில ஒரு முயலே படுக்கலாம் போலிருக்கே?" என்றார் சுருளாண்டி.

"முடிச்சுல கொத்துனா மூக்கு போயிரும்ணே. அர்த்தம் ஒண்ணும் மாறாது" என்றது மரங்கொத்தி.

ஆனால் மாறிவிட்டது. போர்டுக்கு முன்னால் கூடிய விலங்குகள் சத்தம் போட்டுப் படித்தன. "பிடித்து" என்று படித்துவிட்டு எல்லோரும் நிறுத்தினார்கள். பிறகு மெதுவாக, "விடப்படும்."

"பிடிப்பாருங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றது ஒரு முயல். "எவ்வளவு நேரம் கழிச்சு விடுவாருன்னு போடலையே."

கருங்குரங்கு ஒச்சப்பன் கிளையிலிருந்து எட்டிப் பார்த்தான். "நடுவுல காலியா கிடக்கு பாரு, அதுதான் சாப்பாட்டு நேரம்."

அதன் பிறகு ஒருவரும் வரவில்லை. சுருளாண்டி தன் போர்டைத் தானே படித்துப் பார்த்தார். அவருக்கும் லேசாகப் பயமாக இருந்தது.

பல நாள் கழித்து முதல் ஆளாக வந்தவள் வடிவு என்கிற கேளையாடு. நாய் குரைப்பதுபோல் கத்தும் அந்தச் சின்ன மான் வகைதான்.

"அண்ணே, கழுத்த அசைக்க முடியல. ஒண்ணு வலி போகணும், இல்ல நான் போகணும். ரெண்டுல எதுவானாலும் சரி" என்றாள்.

"அப்படிச் சொல்லாத தாயி" என்ற சுருளாண்டி அவள் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். தோலுக்கடியில் அவள் நாடி படபடவென்று அடித்தது. அதை உணர்ந்ததும் அவர் வாயில் எச்சில் ஊறியது. இந்த இடத்தில் அமுக்கினால் சுகம்; இன்னும் கொஞ்சம் அமுக்கினால் சாப்பாடு. நான் இப்போது அமுக்குவது அவளுக்காகவா, எனக்காகவா? அங்கேயே அவர் நெடுநேரம் யோசித்தார். வடிவு கண்ணை மூடி, தன் குட்டிகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு விட்டுவிட்டார்.

வடிவு கண்ணைத் திறந்தாள். ஒரு மூச்சு அழுதாள், அப்புறம் சிரித்தாள். "கழுத்து வலி இருந்ததே மறந்துபோச்சுண்ணே. உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கு. இந்தப் புல்லப் பாருங்க, என்ன பச்சை!"

அவள் காடு முழுக்கக் குரைத்துக்கொண்டே ஓடினாள். கேளையாடு குரைத்தால் ஆபத்து என்று அர்த்தம் என்பதால் முதலில் எல்லோரும் மரமேறினார்கள். விஷயம் தெரிந்ததும் இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். முயல்கள் பிள்ளைகுட்டிகளுக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்தன. காட்டுப்பன்றி கோயிலுக்குப் போய்விட்டு வந்தது. போகும்போது எல்லோரும் ஒரே மாதிரி காற்றில் மிதந்து போனார்கள்.

தொழில் நன்றாக நடந்தது. அதனாலேயே சுருளாண்டிக்குத் தூக்கம் போய்விட்டது. இவர்கள் என்னை நம்பிக் கழுத்தைக் கொடுக்கிறார்கள். எச்சில் ஊறுவது எனக்கல்லவா தெரியும். என்றாவது ஒரு நாள் யோசிக்க மறந்துவிட்டால்?

மனம் பொறுக்காமல், தொழில் ஆலோசகராக இருந்த நரி கனகசபையிடம் போனார்.

"தொழில் நிலைக்கணும்னா நம்பிக்கை வேணும் சார்" என்றார் கனகசபை. அவர் எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிடுவார். "தீங்கற்றவர்னு ஒரு சான்றிதழ் வாங்கி மாட்டுங்க. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வேலைக்கு உட்காருங்க. அந்தப் போர்டுல சொல்லைச் சேர்த்து எழுதுங்க."

சான்றிதழ் தரும் அலுவலகத்தில் ஒரு கரடி கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"உங்களால பாதிக்கப்பட்டவங்க யாராவது நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்" என்றது கரடி.

சுருளாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "அப்படி யாரும் இப்போ இல்லைங்க."

"இல்லைன்னா பாதிப்பு இல்ல" என்று கரடி முத்திரை குத்தியது. "அடுத்த ஆள் வாங்க."

சான்றிதழை மரத்தில் மாட்டினார். மரங்கொத்தி புதுப் பலகையில் 'பிடித்துவிடப்படும்' என்று ஒரே சொல்லாகக் கொத்திக் கொடுத்தது. வயிறு முட்ட முட்டை சாப்பிட்டுவிட்டு அமுக்கியதால் இப்போது எச்சில் ஊறவில்லை. மனசாட்சியும் உறுத்தவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு சுருளாண்டி நிம்மதியாகத் தூங்கினார்.

எழுந்து பார்த்தால் வரிசை குட்டையாகியிருந்தது. பிறகு வரிசையே இல்லை. முட்டையும் இல்லை. ஒரு நாள் வடிவு அந்தப் பக்கமாகப் போனபோது அவர் மெல்லக் கூப்பிட்டார்.

"என்ன தாயி, இந்தப் பக்கம் ஆளையே காணோம்?"

வடிவு சங்கடத்தோடு நின்றாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. முன்ன மாதிரி இல்ல."

"அதே பிடிதானே?"

"பிடி அதேதான். விடுறதுலதான் ஒண்ணுமில்ல. முன்னெல்லாம் நீங்க விட்டா மறுபிறவி எடுத்த மாதிரி இருக்கும். இப்போ விட்டுருவீங்கன்னு முதல்லயே தெரிஞ்சுபோகுதே. உங்க பிடிக்குள்ள இருக்கும்போதே வீட்டுல என்ன வேலை கிடக்குன்னு ஞாபகம் வருது."

"இப்போ எங்க போற?"

"ஆத்துல முதலை ஒருத்தர் முகம் கழுவி விடுறாராம். வாய்க்குள்ள தலைய விடணுமாம்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் மின்னியது.

சுருளாண்டி பட்டினி கிடந்தார். நல்லவனாக இருப்பது தொழிலுக்கு ஆகாதா, அல்லது நான் நல்லவனாக இருக்கும் விதம்தான் சரியில்லையா என்று யோசித்தார். ஒரு கட்டத்தில் பசி யோசனையை முந்திக்கொண்டது. கீழே விழுந்து கிடந்த பலாப்பழம் ஒன்றை முழுசாக விழுங்கிவிட்டுப் பாறைமேல் படுத்தார். வயிறு நடுவே புடைத்து நின்றது.

அதே வாரத்தில்தான் நரி கனகசபை யாரிடமும் சொல்லாமல் பக்கத்துக் காட்டுக்கு ஆலோசனை சொல்லக் கிளம்பிப் போயிருந்தார்.

ஒச்சப்பன் கிளையிலிருந்து வயிற்றைப் பார்த்தான். ஓடிப்போய் நாலு பேரைக் கூட்டி வந்தான்.

"அண்ணே, நம்ம ஆலோசகரைப் பார்த்தீங்களா? ஆளக் காணோம்."

இது பலாப்பழம் என்று சொல்லத்தான் சுருளாண்டி வாயைத் திறந்தார். சத்தியமாக அதற்காகத்தான் திறந்தார். ஆனால் வந்தது ஒரு நீண்ட ஏப்பம். எல்லோரும் பின்வாங்கினார்கள்.

"வாடை இனிப்பா அடிக்குதே" என்றது முயல்.

"ஆலோசகர் பேச்சும் அப்படித்தானே இருக்கும்" என்றான் ஒச்சப்பன்.

விஷயம் இப்படி முடிந்த பிறகு, திருத்திச் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பின்வாங்கியவர்கள் அப்படியே வரிசையாகிவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வடிவு நின்றாள். காலடியில் முட்டை வைத்திருந்தாள். கழுத்தை முன்கூட்டியே நீட்டியிருந்தாள்.

சுருளாண்டி அவள் கழுத்தைச் சுற்றினார். அப்போது பாறைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. திரையில் 'கனகசபை' என்று வந்தது. வால் நுனியால் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"யாருண்ணே?"

"தெரிஞ்சவர்தான்."

"எடுக்கலையா?"

"வேலையில இருக்கேன்ல."

போன் அடித்து ஓய்ந்தது. வடிவின் நாடி படபடத்தது.

"அண்ணே" என்றாள் சின்னக் குரலில். "விட்டுருவீங்கல்ல?"

சுருளாண்டி வழக்கம்போல் அதைப் பற்றி ஆழமாக, நேர்மையாக, நிதானமாக யோசித்தார்.

"பார்க்கலாம் தாயி" என்றார்.

அவர் அமுக்கவே இல்லை. வடிவின் கழுத்துப் பிடிப்பு தானாகவே விட்டுப்போனது.

*

நீதி: நல்லவராக இருங்கள், தப்பில்லை; அதற்குச் சான்றிதழ் மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள்.