மினிஸ்டருக்கு ஆள் தேவை

இந்தத் தடவை காரைக்காலுக்குப் போவதில்லை. செத்தாலும் போவதில்லை. பாகூர் எழிலரசன் பல் விளக்கிக்கொண்டே இப்படியொரு சபதம் எடுத்தார். வாயில் நுரை இருந்ததால் மனைவி விஜயகுமாரிக்கு அது கேட்கவில்லை. கேட்கிற மாதிரி சபதம் எடுக்க அவருக்கென்ன பைத்தியமா?

அங்கே மச்சான் புதுவீடு கட்டிக் குடிபோகிறான். போன தடவை அவன் வீட்டு விசேஷத்தில் மாப்பிள்ளை என்று மாலை போட்டு வரவேற்று, மூன்று நாளும் மோட்டார் போடுகிற வேலையைக் கொடுத்தார்கள். டேங்க் நிரம்பி வழிந்ததற்குத் திட்டு வேறு. அதே மூன்று நாள் இங்கேயே இருந்தால்? பனித்திட்டு பக்கிரி நண்டு கொண்டுவருவான். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஃபைனல். ஏனென்று கேட்க ஆளில்லை. நினைக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறியது.

வழியை விஜயகுமாரியே காட்டினாள்.

"ஏங்க, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி முசலப் பாத்துக்க ஒரு ஆளத் தயார் பண்ணணும்."

முயலின் பெயர் மினிஸ்டர். வெள்ளை வெளேரென்று இருக்கும், நாள் முழுக்கத் தின்னும், ஒரு வேலையும் செய்யாது, வீடே அதன் பின்னால் ஓடும். வாங்கி வந்த நாளிலிருந்து எழிலரசன் அதற்கு ஒரு கீரைத்தண்டுகூடப் போட்டதில்லை. "உன் முசலு, உன் பாடு" என்பது அவர் கொள்கை. அன்று காலை கொள்கையைக் காற்றில் விட்டார்.

"கவலப்படாத. ட்ரெயினிங்க நான் பாத்துக்கறேன்."

விஜயகுமாரி அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

முதலில் வந்தவர் பக்கத்து வயல்காரர் இருசப்பன். கூண்டில் கைவிட்டு மினிஸ்டரைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாப்பா, ரெண்டர கிலோ தேறுமா?"

ட்ரெயினிங் அதோடு முடிந்தது.

அடுத்து எதிர்வீட்டுத் தையலம்மாள். பால் சொசைட்டியில் முப்பது வருஷம் பால் அளந்தவர். தண்ணீர் கலந்தவனை மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவார். இவரை விரட்டுவது லேசில்லை. எழிலரசன் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, முசலுக்குக் கவுச்சி வாசனையே ஆவாது. வூட்டுல மீனு, நண்டு எதுவும் ஆக்கக் கூடாது."

"அப்டியா?"

"டிவி போடக் கூடாது. காது நீளம் பாருங்க, சத்தம் கேட்டா நெஞ்சு வெடிச்சிடும்."

"அடப்பாவமே."

"வூட்ட வுட்டு பத்து நிமிஷம்கூட நவுரக் கூடாது, ஏங்கிப் பூடும். கீரைய ஒவ்வொரு எலையா ஊட்டணும்."

தையலம்மாள் அசையவில்லை. எழிலரசனுக்கு வேர்த்தது.

"சாயங்காலமானா தாலாட்டு பாடணும். இல்லன்னா தூங்காது."

"தாலாட்டா? யப்பா, என்னால ஆவாது சாமி!"

தையலம்மாள் எழுந்துவிட்டார். விஜயகுமாரி மட்டும் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் மணிமணியாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"அய்யய்யோ, இப்ப இன்னாங்க பண்றது?"

எழிலரசன் தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"இன்னா பண்றது? வாயில்லா ஜீவன். நானே இருந்துக்கறேன். நீ போய்ட்டு வா குமாரி."

வெள்ளிக்கிழமை காலை அவளை பஸ் ஏற்றிவிட்டு, விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினார். வாசலில் தையலம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த நோட்டு.

"பத்து நிமிஷத்துக்கு மேல ஆயிட்ச்சே தம்பி. முசலு ஏங்கிப் பூடாது?"

"அக்கா, நீங்கதான் ஆவாதுன்னீங்களே?"

"பாடத்தான் ஆவாதுன்னேன். மேல்பார்வ பாக்க ஆவாதுன்னு சொன்னனா? குமாரி என்ன நம்பி வுட்டுட்டுப் போயிருக்குது."

அத்தனையும் பொய் என்று சொல்லிவிடலாம். சொன்னால் காரைக்காலுக்குத் தெரியும். அப்புறம் ஆயுசுக்கும் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

சனிக்கிழமை பக்கிரி நண்டோடு வந்தான். பை வாசலைத் தாண்டவில்லை.

"இந்த வூட்டுல முசலு இருக்குதுபா. என் வூட்டுல இல்ல" என்று தையலம்மாள் வாங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் மிளகு தூக்கலான நண்டுக் குழம்பு வாசனை தெருவைக் கடந்து வந்தது. எழிலரசன் அப்போது ஒவ்வொரு இலையாக ஊட்டிக்கொண்டிருந்தார். மினிஸ்டர் ஆற அமர மென்றது. மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரிமோட் தையலம்மாள் இடுப்பில் செருகியிருந்தது. மேட்ச் சூடு பிடித்துத் தெருவே கூச்சல் போட்டது. சிக்ஸரா அவுட்டா என்று தெரியாமல் எழிலரசன் தவித்துக்கொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. விஜயகுமாரிக்குப் பின்னால் மச்சான் குடும்பமே கும்பலாக நின்றது.

"பாடுங்க, கேக்கறோம்."

கூண்டு முன்னால் சம்மணம் போட்டு, "ஆராரோ ஆரிரரோ" என்று ஆரம்பித்தார். மினிஸ்டர் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டது. காரைக்காலில் எல்லோரும் கை தட்டினார்கள்.

"போதும் குமாரி, முடியல. ஒரு நல்ல ஆளாப் பாத்து தயார் பண்ணியிருந்தா, நானும் உங்கூடவே வந்திருப்பேன்."

"தயார் பண்ணாமலா கெளம்பினேன்? நீங்க ட்ரெயினிங் ஆரம்பிக்கறதுக்குப் பத்து நாளு முன்னாடியே நான் போட்டது ஒரு டிக்கெட்டுதாங்க."