வெங்கிடாசலத்தின் ஜலகண்டம்

“இன்னிக்கும் பஸ்ஸா?” என்று கேட்டார் முதலாளி ராமபத்ரன்.

வெங்கிடாசலம் மிளகு சாம்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எர்ணாகுளத்து வியாபாரி காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் சரக்கெடுத்துவிட்டான். மட்டாஞ்சேரியிலிருந்து படகில் போனால் கொஞ்ச நேரம்தான். தோப்பும்படி சுற்றிப் போகிற பஸ் எப்போது போய்ச் சேரும் என்பது டிரைவருக்கே தெரியாது.

“இனிமே போட்லதான் போகணும். முடியாதுன்னா சொல்லும், வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

படகில் காலை வைக்கவே வெங்கிடாசலத்துக்குப் பயம். சின்ன வயதில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பயம். தலை நரைத்தும் போகக் காணோம். பயத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார், அதை மறைத்து மறைத்துத்தான் மனுஷன் அலுத்துப் போயிருந்தார். உண்மையைச் சொன்னால் ஆபீஸே சிரிக்கும். சொல்லாவிட்டால் வேலை போகும். இந்த வயதில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

“ஜாதகத்துல ஜலகண்டம். தண்ணியால உசிருக்கு ஆபத்தாம்” என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

ராமபத்ரன் சிரிக்கவில்லை. “முன்னாடியே சொல்லப்படாதோ?” என்றார் கரிசனமாக. அதோடு விட்டாரா? சாயங்காலம் கோயிலில் வெங்கிடாசலத்தின் மனைவி லோகாம்பாளைப் பார்த்து விசாரித்தும் வைத்தார்.

வீட்டில் லோகாம்பாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். “ஜலகண்டத்தை மறைச்சுன்னா கல்யாணம் பண்ணி வச்சிருக்கா உங்காத்து மனுஷா. எங்கப்பா ஏமாந்துட்டார்.”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லேடி.”

“அப்போ முதலாளிகிட்ட பொய் சொன்னேளா?”

ஆமாம் என்றால் அதுவும் கோயில் வழியாக முதலாளி காதுக்குப் போய்விடும். “இருக்கு. லேசா இருக்கு” என்றார்.

மறுநாளிலிருந்து குளத்துப் பக்கம் போகத் தடை. வெந்நீரைச் செம்பு செம்பாக அவளே ஊற்றினாள். அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்துபோனார்கள். அவர் எழுந்து வந்து வாங்கோ என்று கூப்பிட்டது அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த வாரமே ராமபத்ரன் கூப்பிட்டனுப்பினார். “பரிகாரத்துக்கு சாஸ்திரிகள்கிட்ட சொல்லியாச்சு. செலவு என்னோடது. காயல் நடுவுல, படகுல உக்காந்துண்டு பூஜை. அப்புறம் நீர் சாக்கு சொல்லப்படாது, கேட்டீரா?”

“கோயில்லயே பண்ணப்படாதோ?”

“ஜலகண்டத்தை ஜலத்துலதானே ஓய் தீர்க்கணும்?”

வெள்ளிக்கிழமை காலை படகுத்துறை. சாஸ்திரிகள் படகில் உட்கார்ந்து பூவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். லோகாம்பாள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் தன் அம்பாசிடரை ஒட்டி நின்ற ராமபத்ரன், “தைரியமா ஏறும்” என்று குரல் கொடுத்தார்.

வெங்கிடாசலம் வேலையை நினைத்துக்கொண்டு ஏறினார். படகு லேசாக ஆடியது. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்றிருந்தது அவருக்கு.

படகுக்காரன் பிச்சைமணியிடம் மெல்லச் சொன்னார்: “ஜலகண்டமும் இல்லே, ஒரு மண்ணும் இல்லேப்பா. பயம். வெறும் பயம். வேலை போனா போறது, என்னை இறக்கி விட்டுடு.”

பிச்சைமணி கரையில் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தான்.

“அதுக்கு ஏன் சாமி இறங்கணும்? வருஷாவருஷம் உங்க முதலாளிக்குப் பண்ற மாதிரி, கயித்தை அவுக்காமலே பூஜையை முடிச்சிடலாமே?”